சத்துவாச்சாரியில் சிறுவர்களுக்கான ஆங்கிலச் சொல் வகுப்பு

இரண்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளைக் கடந்த ஜூன் முதல், வேலூர் சத்துவாச்சாரியில் ஓர் ஆசிரியை தம் வீட்டு முன்கூடத்தில் நடத்தும் மாலை வகுப்புக்கு அனுப்பி வருகிறோம். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களைப் பழக்குவதே இதன் நோக்கம். மாதக் கட்டணம் 600 ரூபாய்.

பெற்றோரும் உடன் அமரலாம் என்பதால், சந்தைப் பாடம் நடந்த மாலையில் நானும் இருந்தேன். தராசு, துணிப்பை, சில்லறைக் காசு, தக்காளி ஆகியவற்றோடு, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் வேலூர் முள் கத்தரிக்காயையும் பாயில் பரப்பியிருந்தார்கள். ஒரு பிள்ளை கடைக்காரராக, மற்றொரு பிள்ளை வாங்க வந்தவராகப் பேசிக்கொண்டிருக்கையில், காம்பின் முள் என் மகளின் விரலில் குத்தியது. ஆசிரியை அந்த நொடியிலேயே ‘ஷார்ப்’ என்று சொல்லிக் கொடுத்தார். மறுநாள் அடுக்களையில் அரிவாள்மனையைக் காட்டி அவளாகவே அச்சொல்லைச் சொன்னபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமன்று.

கடைகளில் கிடைக்கும் பட அட்டைகள் பழங்களை ஒரு பக்கத்திலும் விலங்குகளை ஒரு பக்கத்திலுமாக அடுக்கித் தருகின்றன. இப்படி ஒரே இனத்துப் புதுச் சொற்களைச் சேர்த்துக் கற்பித்தால் அவை ஒன்றோடொன்று குழம்புகின்றன என்பதை மொழி கற்றல் ஆய்வாளர்களான டிங்க்கம் 1993இலும், வேரிங் 1997இலும் ஆய்ந்து காட்டியுள்ளனர். ஒரு நிகழ்ச்சியைச் சுற்றி வரும் சொற்களோ எளிதில் மனத்தில் பதிகின்றன. அவை பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளே என்றாலும், வண்ணங்கள் அனைத்தையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டுப் பச்சைக்கும் நீலத்துக்கும் தடுமாறும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. இவ்வகுப்பில் தராசும் காசும் கத்தரிக்காயும் ஒரே பாடத்தில் வருவதைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன்.

குறை ஒன்று உண்டு. வாரக் கடைசியில் நடக்கும் எழுத்துத் தேர்வுக்கு, கேட்டும் பேசியும் பழகாத சொற்களையும் எழுத்துக்கூட்டி எழுதச் சொல்கிறார்கள். பேச்சில் தயங்காத பிள்ளைகள்கூட அன்று முகம் வாடி வருகிறார்கள். ஏழு வயதுக்குட்பட்டவர்களுக்கேனும் இதை நிறுத்தலாம்.

ஒரு பிரிவில் 12 பேரை மட்டுமே சேர்ப்பதால், பள்ளி திறப்பதற்கு முன்பே, மே மாதத்தில் நேரில் சென்று கேட்டு வைப்பது நல்லது.