பறக்கற ஆஞ்சநேயர் நாடகம்: பண்டிகைக்கு புக் பண்ண நினைக்கறவங்க படிச்சுட்டு பண்ணுங்க

தர்மபுரி மாவட்டத்துல பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவுல எங்க ஊரு. வருஷா வருஷம் மாரியம்மன் பண்டிகைக்கு கூத்து தான் வைப்போம், ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சா விடிய விடிய ஆடுவாங்க, காலையில சூரியன் வந்தப்புறம் தான் பாய சுருட்டிக்கிட்டு வீட்டுக்கு போறது. இந்த வருஷம் பசங்க எல்லாம் சேந்து, கூத்துக்கு சின்னவங்க யாரும் உக்கார மாட்டேங்கறாங்க, வேற ஏதாவது புதுசா பண்ணலாம்னு சொல்லி வெளியூர்ல இருந்து ஒரு பெரிய நாடக செட்ட கூப்பிட்டோம். ஆஞ்சநேயர் நிஜமாவே ஜனங்க தலைக்கு மேல பறப்பாரு, எல்இடி ஸ்க்ரீன், புகை, நெருப்பு, டிஜிட்டல் சவுண்டு எல்லாம் உண்டுன்னு வாட்ஸப்ல வீடியோ காட்டினாங்க. ஒரு ராத்திரிக்கு 3 லட்சத்து 20 ஆயிரம். கூத்து செட்டுக்கு நாங்க குடுக்கறத விட பத்து மடங்கு. தலைக்கட்டு வரி போட்டும் பத்தாம பெங்களூர்ல ஹோசூர்ல வேலை செய்யற பசங்க கிட்ட எல்லாம் கேட்டு வாங்கினோம், நானும் குடுத்தேன், மனசார தான் குடுத்தேன்.

ஏன் மனசார குடுத்தேன்னு சொல்லணும். காலேஜ் படிக்கறப்ப இருந்து நான் ஸ்பைடர்மேன் பைத்தியம். 2010, 2011ல நியூயார்க்ல பெரிய நாடக தியேட்டருங்க எல்லாம் இருக்கற பிராட்வேல ஸ்பைடர்மேன் டர்ன் ஆஃப் தி டார்க்னு ஒரு பாட்டு நாடகம் போட்டாங்களே, அத நெட்ல கிடைச்ச ஒவ்வொரு துண்டு வீடியோவையும் தேடி தேடி பாத்தவன். யூ2 பேண்டு போனோவும் தி எட்ஜும் தான் பாட்டு, இன்னிக்கும் கிருஷ்ணகிரில இருந்து ஹோசூர் போற பஸ்ல அந்த ஆல்பம் காதுல ஓடும். அதனால நம்ம ஊருக்கும் ஒரு ஹீரோ கயித்துல பறந்து வரப்போறாருன்னு கேட்டதும் எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். செட் போட வந்த ஆளுங்க காலையில ஆறு மணிக்கே ரெண்டு லாரில வந்து இறங்கிட்டாங்க, வேலையில சுணக்கமே இல்ல. மேடை பிரமாதம். இலங்கை கோட்டை எரியற சீன்ல ஸ்க்ரீனும் நெஜ நெருப்பும் கலந்து வந்தப்ப பின்னாடி வேர்க்கடலை வித்துக்கிட்டு இருந்த அக்கா கூட தட்ட கீழ வச்சுட்டு நின்னு பாத்தாங்க. ஆஞ்சநேயர் வேஷம் போட்ட தம்பிக்கு இருபது வயசு இருக்கும். கோயிலுக்கு பின்னாடி வேஷம் கட்டறப்ப நான் பக்கத்துல தான் நின்னேன், முகத்துல அரிதாரம் பூசிக்கிட்டே கண்ண மூடி ஏதோ முணுமுணுத்துக்கிட்டு இருந்தான், இடுப்புல பெல்ட்டு, தொடை ரெண்டுலயும் பட்டை, அதுக்கு மேல தான் சிவப்பு வேட்டி, பஞ்சு வச்சு தைச்ச வாலு. முதுகுல ஒரே ஒரு கொக்கி. அந்த ஒத்த கொக்கிய பாத்ததும் எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

பதினொன்னரைக்கு மொத பறப்பு. சவுக்கை பக்கம் நட்டிருந்த இரும்பு டவர்ல இருந்து மேடைக்கு, தலைக்கு மேல இருபது அடி இருக்கும், கைய நீட்டிக்கிட்டு வந்தான். சத்தியமா சொல்றேன் எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு. குழந்தைங்க போட்ட சத்தம் பக்கத்து ஊருக்கு கேட்டுருக்கும். என் அக்கா பையன் நாலு வயசு, என் தோள் மேல உக்காந்துக்கிட்டு என் முடிய பிடிச்சு இழுத்து இழுத்து மாமா மாமான்னு கத்தறான், அதுக்கு மேல வார்த்தையே வரல அவனுக்கு.

ரெண்டாவது பறப்பு சஞ்சீவி மலையோட. தெர்மாகோல் மலைய கையில தூக்கிக்கிட்டு பாதி தூரம் வந்தான், அங்கயே நின்னு போச்சு. கப்பில இருந்து ரோப்பு விலகி மாட்டிக்கிச்சுன்னு பின்னாடி சொன்னாங்க. மோட்டார் உறுமுது, ஆளு நகரல. ஜனங்க தலைக்கு நேர் மேல தொங்கறான், மெல்ல மெல்ல சுத்தறான். கீழ இருந்தவங்க மொதல்ல அது நாடகத்துல ஒரு பாகம்னு நினைச்சு கை தட்டினாங்க. எல்லா வசனமும் ரெக்கார்டிங், அதனால அவன் அங்க தொங்கிக்கிட்டு இருக்கான், ஸ்பீக்கர்ல அவன் குரல் ராமர் கிட்ட மலைய குடுத்து பேசிக்கிட்டு இருக்கு, லட்சுமணர் வேஷக்காரர் எழுந்துக்கவா படுக்கவான்னு தெரியாம அப்படியே கிடக்கறாரு. இத நிறுத்த கூட யாருக்கும் தோணல, ரெண்டு நிமிஷம் ஓடுச்சு. எனக்கு அதுதான் ரொம்ப வேதனையா இருந்துச்சு.

வயித்துல என்னமோ பண்ணுச்சுன்னு சொன்னேன்ல, காரணம் இது தான். 2010 நவம்பர் 28, நியூயார்க் 42வது தெரு ஃபாக்ஸ்வுட்ஸ் தியேட்டர், அந்த ஸ்பைடர்மேன் நாடகத்தோட மொத பிரிவ்யூ, அதாவது திறப்பு விழாவுக்கு முன்னாடி ஜனங்கள வச்சு நடத்தற வெள்ளோட்டம். அன்னிக்கும் அஞ்சு தடவ நிறுத்தினாங்க, முதல் பாதி முடியற நேரத்துல ஸ்பைடர்மேன் ஜனங்க தலைக்கு மேல இதே மாதிரி தொங்கிக்கிட்டு ஆடினாரு, கீழ இருந்து ஆளுங்க பிடிக்க பாத்தாங்க. 7.5 கோடி டாலர் போட்ட நாடகம், பிராட்வே வரலாற்றுலயே அவ்ளோ காசு யாரும் போட்டதில்ல, கயித்த இழுக்கற வின்ச்சு மெஷின் கூட கம்ப்யூட்டர் கன்ட்ரோல்ல ஓடறது, அங்கயே அப்படி. ரெண்டாவது பாதில நிறுத்தினப்ப ஒரு அம்மா எழுந்து, எங்கள வச்சு சோதனை பண்றீங்களான்னு கத்தினாங்க, சுத்தி இருந்த ஜனங்களோ அந்த அம்மாவ தான் உக்கார சொல்லி கத்தினாங்க. அந்த செய்தி படிச்சப்ப எனக்கு அவங்க மேல கோவம் வந்துச்சு, ஆசையா பாக்கறவங்கள கெடுக்கறாங்களேன்னு. இப்ப நினைச்சா அவங்க கேட்டது நியாயம் தான். ஏன்னா மூணே வாரத்துல, டிசம்பர் 20 அன்னிக்கு, கிறிஸ்டோபர் டியர்னின்னு ஸ்பைடர்மேன் சண்டை காட்சி எல்லாம் செய்யற நடிகர் மேல இருந்து 30 அடி கிட்ட விழுந்துட்டாரு. பெல்ட்டுல இருந்த கயித்தோட மறுமுனைய மேடையில மாட்டவே இல்ல. மண்டை ஓட்டுல விரிசல், முதுகெலும்புல அடி, விலா எலும்பு முறிவு. அந்த மனுஷன் பொழச்சு அடுத்த வருஷமே திரும்ப வந்து அதே நாடகத்துல ஆடினாரு, நான் அவர அப்படியே கும்பிடுவேன். அதுக்கப்புறம் தான் ஒரு ஆள் மாட்டறத இன்னொரு ஆள் தனியா செக் பண்ணணும்னு கொண்டு வந்தாங்க. அத படிச்சவன் கண்ணுக்கு இந்த தம்பி முதுகுல ஒத்த கொக்கி எப்படி தெரிஞ்சிருக்கும்னு யோசிச்சு பாருங்க. கேட்டிருக்கணும் நான். கேக்கல. அது என் தப்பு.

சரி எங்க ஊருக்கு வரேன். அஞ்சு நிமிஷம் ஆச்சு, பத்து நிமிஷம் ஆச்சு. சில பசங்க விசிலடிக்க ஆரம்பிச்சாங்க, காசு திருப்பி குடுன்னு ஒரு குரல், பொம்பளைங்க எல்லாம் புள்ளைய இறக்குங்கடா மொதல்லன்னு கத்தறாங்க. செட்டு ஓனர் மைக்க பிடிச்சு ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம்னு சொன்னதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு. அப்ப தான் எங்க பெரியப்பா எழுந்தாரு. நாப்பது வருஷம் கூத்துல கட்டை கட்டி, அதாவது மரத்துல செஞ்ச வேஷ அணியெல்லாம் கட்டி ஆடின மனுஷன், பீமன் வேஷம் கட்டினா மேடை அதிரும், இப்ப மூட்டு வலி, கட்டில்ல உக்காந்து தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. நேரா மேடைக்கு போய் மைக்க வாங்கி, அந்த ரெக்கார்டிங்க நிறுத்துடான்னு ஒரு அதட்டல். அப்புறம் அண்ணாந்து பாத்து, “ஏ வாயு புத்திரா! மலைய தூக்கிக்கினு நடுவானத்துல எதுக்கு நிக்கற? உன் பலம் உனக்கே மறந்து போச்சா? நான் ஜாம்பவான் கேக்கறேன், சொல்லுடா!”ன்னு கேட்டாரு.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. மேல இருந்து அந்த தம்பியோட சொந்த குரல் வந்துச்சு, மைக் இல்லாம, நடுங்கற குரல்ல. “காத்து வரலீங்க தாத்தா, அப்பா கிட்ட சொல்லி அனுப்புங்க!” அவ்ளோ தான், ஊரே எழுந்து நின்னு ஆர்ப்பரிச்சுது. பெரியப்பா ஒரு பாட்டு எடுத்தாரு, கோயில் மேளக்காரங்க ஓடி வந்து தாளம் போட்டாங்க, அந்த பாட்டு நடக்கற நேரத்துல எங்க பசங்க டிராக்டர் டிரெய்லர்ல வைக்கோல அடுக்கி மெதுவா ஓட்டிக்கிட்டு வந்து அவன் காலுக்கு கீழ நிறுத்தினாங்க, மேல ரெண்டு பேர் ஏறி தாங்கிக்க, கொக்கிய கழட்டி இறக்கினாங்க. இருபது நிமிஷம் ஆச்சு மொத்தம். கடைசி வரைக்கும் தெர்மாகோல் மலைய அவன் கீழ விடல. யார் தலை மேலயாவது விழுந்துடும்னு ரெண்டு கையாலயும் அணைச்சு பிடிச்சிருக்கான், விரல் எல்லாம் வெள்ளையா போயிருச்சு.

அன்னிக்கு ராத்திரி பூரா ஊர்ல இதே பேச்சு. எங்க அம்மா கட்சி, மனுஷ உயிரோட விளையாடற நாடகம் இனி வேண்டவே வேண்டாம். பசங்க கட்சி, பறந்த மொத அஞ்சு நிமிஷத்துக்கே குடுத்த காசு சரியா போச்சு. பெரியப்பா வயசுக்காரங்க, அந்த காசுல பத்து ராத்திரி பாரதம் வச்சிருக்கலாம்னு சொன்னாங்க. எல்லார் பக்கமும் நியாயம் இருக்கு. நியூயார்க்ல அந்த நாடகத்துக்கும் இதே தான் நடந்துச்சு, விமர்சகர்ங்க திறப்பு விழாவுக்கு காத்திருக்காம 2011 பிப்ரவரிலயே வந்து கிழி கிழின்னு கிழிச்சாங்க, ஆனா ஜனங்க வர்றத நிறுத்தல, குழந்தைங்கள கூட்டிக்கிட்டு வந்தாங்க, 2012 புத்தாண்டு ஒட்டின ஒரே வாரத்துல 29 லட்சம் டாலர் வசூல். அப்படி இருந்தும் வாரா வாரம் ஓட்டற செலவே 10 லட்சம் டாலர தாண்டும், 2014 ஜனவரி 4ல முடிச்சப்ப போட்ட பணத்துல பெரும்பகுதி திரும்பல.

ரசிகர்ங்க இன்னிக்கும் அடிச்சுக்கற இன்னொரு விஷயம், எந்த வடிவம் நல்லதுன்றது. டைரக்டர் ஜூலி டெய்மோர் மொதல்ல செஞ்சதுல அரக்னின்னு கிரேக்க புராணத்து சிலந்தி பெண் தான் பெரிய பாத்திரம், கதைய எடுத்து சொல்ல நாலு இளவட்ட பசங்க இருந்தாங்க. 2011 மார்ச்ல அவங்கள விலக்கிட்டு, ஏப்ரல், மே மாசத்துல மூணு வாரம் தியேட்டர மூடி, வேற டைரக்டர வச்சு மாத்தி எழுதினாங்க, அந்த நாலு பேரையும் தூக்கிட்டாங்க, அரக்னிய சுருக்கிட்டாங்க. கதை நேரா புரிஞ்சுது, உண்மை. ஆனா நான் மொத வடிவத்து கட்சி. கூத்து பாத்து வளந்தவனுக்கு கதை சொல்ல ஒரு ஆள் மேடையில நிக்கறது உறுத்தாது. கூத்துல கதைய சொல்லி, சிரிக்க வச்சு, பாத்திரங்கள அறிமுகப்படுத்தற கட்டியங்காரன் இல்லாம ராஜா உள்ள வரவே மாட்டாரு நம்ம ஊர்ல. கட்டியங்காரனுக்கு ஜனங்கள தெரியும், யார் தூங்கறாங்க யார் டீ குடிக்க போறாங்கன்னு பாத்து இழுத்து பிடிப்பான், முகவீணைங்கற சின்ன ஊதுகுழல் வாசிக்கறவருக்கு மூச்சு வாங்கினா கூட அவன் தான் பேசி சமாளிப்பான். அந்த நாலு பசங்களுக்கு அந்த வேலைய யாரும் குடுக்கல, தங்களுக்குள்ளயே பேசிக்கிட்டு இருந்தாங்க. அங்க மெஷின் நின்னா ஸ்டேஜ் மேனேஜர் குரல் மைக்ல நிறுத்துன்னு வரும், எல்லாரும் காத்திருக்கணும். பாதுகாப்புக்கு நிறுத்தி தான் ஆகணும், அதுல மாத்துக்கருத்தே இல்ல. ஆனா அந்த நேரத்துல ஜனங்கள கையில வச்சுக்க ஒரு மனுஷன் மேடையில இருக்கணும். எங்க ஊர்ல இருந்தாரு, ஆனா அவரு செட்டு ஆளு இல்ல, பாக்க வந்தவரு.

அதனால புக் பண்றவங்களுக்கு நான் சொல்றது, ரெண்டாவது ரோப்பு தனியா இருக்கா, மாட்டறது ஒருத்தர் செக் பண்றது இன்னொருத்தரான்னு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க, சாயங்காலம் ஆளு எடைக்கு மணல் மூட்டைய கட்டி ரெண்டு தடவ ஓட்டி காட்ட சொல்லுங்க, ஜனங்கள ரோப்புக்கு நேர் கீழ உக்கார விடாதீங்க. வசனம் ரெக்கார்டிங் வேண்டாம்னு அடிச்சு சொல்லுங்க. ஒரு கட்டியங்காரன கட்டாயம் போட சொல்லுங்க, அவங்க கிட்ட இல்லன்னா உங்க ஊரு கூத்துக்காரர் ஒருத்தர கேளுங்க, சந்தோஷமா வருவாங்க. மேடை, லைட்டு, வேலை செஞ்ச ஆளுங்க இதுக்கெல்லாம் 5க்கு 4 குடுப்பேன். பாதுகாப்புக்கு 1. அந்த தம்பிக்கு 5.

மறுநாள் காலையில டீக்கடையில பாத்தேன் அவன. சட்டைய தூக்கி காட்டினான், இடுப்புல பெல்ட்டு பதிஞ்சு செவந்து கிடக்கு, காதோரம் அரிதாரம் இன்னும் போகல. பெரியப்பா அவனுக்கு டீ வாங்கி குடுத்துட்டு பெஞ்சுல தாளம் போட்டு நேத்து பாடின பாட்ட ஒவ்வொரு அடியா சொல்லி குடுத்துக்கிட்டு இருந்தாரு. மூணாவது அடில ஸ்ருதி விலகுச்சு. “தொண்டையில பாடாத, அடிவயித்துல இருந்து எடு”ன்னு சொன்னாரு. லாரி ஹாரன் அடிச்சுது, அவன் போன எடுத்து, “ஒரு தடவ முழுசா பாடுங்க தாத்தா, ரெக்கார்ட் பண்ணிக்கறேன்”னு சொல்லி அவர் வாய்கிட்ட பிடிச்சான்.