டிசெப்டிவ்லியா, சீமிங்லியா?

ஆங்கிலத்தில் ‘பார்வைக்கு ஒன்று, உண்மையில் வேறு’ என்று சொல்ல ‘டிசெப்டிவ்லி’ (deceptively), ‘சீமிங்லி’ (seemingly) என்ற இந்த இரண்டு சொற்களும் கைகொடுக்கும். சிக்கல் முதல் சொல்லில்தான்.

‘டிசெப்டிவ்லி சிம்பிள்’ என்றால் எளிதாகத் தெரியும், ஆனால் கடினம். ‘டிசெப்டிவ்லி ஸ்பேஷியஸ்’ என்று பிரிட்டன் வீட்டு விளம்பரங்களில் வந்தால் அப்படியே தலைகீழ்: சிறிதாகத் தெரியும், உள்ளே விசாலம். அடுத்து வரும் பண்பு தோற்றமா, உண்மையா என்பதை அந்தச் சொல் காட்டாது. வழக்கத்தை வைத்து நாம்தான் ஊகிக்க வேண்டும். ‘டிசெப்டிவ்லி ஷாலோ’ (‘ஷாலோ’ என்றால் ஆழமற்ற) குளம் எப்படிப்பட்டது என்று அமெரிக்கன் ஹெரிட்டேஜ் அகராதி தன் சொற்பயன்பாட்டுக் குழுவைக் கேட்டது. தெரிவதைவிட ஆழம் குறைவு என்றவர்கள் 50 சதவீதம், அதிகம் என்றவர்கள் 32. மீதி 18 சதவீதத்தினர் முடிவு செய்யவே இயலாது என்றனர். தலைகீழாகக் குதிக்கப்போகிறவருக்கு இது உயிர் விஷயம்!

‘சீமிங்லி’யில் இந்தக் குழப்பம் இல்லை. ‘சீமிங்லி சிம்பிள்’: எளிதாகத் தெரிகிறது, அவ்வளவே. உண்மை நிலையை அது உறுதிசெய்யாது. அதனால் ‘பட்’ (ஆனால்) போட்டு அதையும் எழுதிவிடுங்கள்.

எச்சரிக்கைப் பலகை, ஒப்பந்தம், செய்முறைக் குறிப்பு என்றால் இரண்டுமே வேண்டாம். ‘ஷாலோவர் தேன் இட் லுக்ஸ்’ (shallower than it looks, தெரிவதைவிட ஆழம் குறைவு) என்று நேராக எழுதுவதே பாதுகாப்பு.