சி.பி. பாயிண்டா, எலக்ட்ரானிக் கிட்டா: பழைய புல்லட்டின் டைமிங் விவகாரம்

என்னுடையது 1989 மாடல் புல்லட் 350. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பிறந்தது. பல ஆண்டுகள் சி.பி. பாயிண்டில் (கான்டாக்ட் பிரேக்கர்: பிளக்கில் பொறி விழவைக்க மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனைகள்) ஓடியது, இரண்டு ஆண்டுகள் அதே வேலையைச் சென்சரால் செய்யும் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டில் ஓடியது, இப்போது மறுபடியும் பாயிண்டுக்கே திரும்பிவிட்டது. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

கிட்டின் பெருமைகள் ஊரறிந்தவை. உரசித் தேய எதுவும் இல்லை, ஐடிலிங் சீராக நிற்கும், காலையில் ஒன்றிரண்டு உதையில் வண்டி எழும். பொருத்தும்போது ஒருமுறை டைமிங் (பொறி விழும் நேரம்) வைத்தால் அதன்பின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்கும் வேலையே இல்லை. விலை அதிகம்தான், ஆனால் நான் அதற்காக மாறவில்லை.

என்னை மாற்றியது பழுது பார்க்கும் விஷயம். பாயிண்டில் கோளாறு சொல்லிவிட்டு வரும். பாயிண்டைத் திறக்கும் சுழல்மேடான கேமில் உரசும் ஃபைபர் கட்டை தேயத் தேய பாயிண்டின் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். டைமிங் ரிட்டார்ட் ஆகிவிடும், அதாவது பொறி தாமதமாக விழும். முதலில் இழுவை மந்தமாகும், பிறகு என்ஜின் வழக்கத்தைவிடச் சூடேறும், சைலன்சர் பைப் நீலம் பாரிக்கும். மாறாக, அட்வான்ஸ் கூடி, பொறி முந்தி விழுந்தால் கிக்கர் திருப்பி உதைத்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். மேட்டில் டாப் கியரில் திருகினால் என்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் வரும். இந்த அறிகுறிகளை அறிந்தவனுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

மீதிப் பாதியில்தான் பலர் வரிசையைத் தவறவிடுகிறார்கள். டைமிங்கை வைத்துவிட்டுப் பிறகு பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்வார்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் முதலில் செய்த வேலை அங்கேயே வீண். பாயிண்ட் முழுதாகத் திறந்த நிலையில், இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜை விட்டு 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வைக்க வேண்டும், அதன்பிறகே டைமிங். பிளக்கைக் கழற்றி, டாப் கியர் போட்டு, நடு ஸ்டாண்டில் பின்சக்கரத்தை முன்னோக்கி மெல்லச் சுற்றுவேன். வால்வுகளை இயக்கும் இரண்டு புஷ் ராடும் விரலுக்குத் தளர்வாகச் சுழன்றால் பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சிக்கு வந்திருக்கிறது. பிஸ்டன் அந்த உச்சியைத் தொட 0.8 மி.மீ. இருக்கும்போதே பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பிளக் துளை சாய்ந்திருப்பதால் சைக்கிள் கம்பியை விட்டு இந்தத் தூரத்தை அளப்பது தோராயம்தான். ஆனாலும் ஓரளவுக்குக் கைகொடுக்கும். சக்கரத்தைப் பின்னால் சுற்றி அந்த இடத்துக்கு வரக் கூடாது. பல்சக்கர இடைவெளி ஏமாற்றிவிடும்.

திறக்கும் கணத்தைப் பிடிக்க வண்டியிலேயே கருவி இருக்கிறது. சாவியைப் போட்டால், பாயிண்ட் மூடியிருக்கும்போது அம்மீட்டர் (மின்னோட்டம் காட்டும் மீட்டர்) முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். முள் எழும் அந்த நொடியில் நிற்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்கிவிட வேண்டியதுதான். அம்மீட்டர் செத்திருந்தால் பாயிண்டுக்கு இடையில் மெல்லிய தாளைச் செருகி இழுத்துப் பார்க்கலாம். பிடி தளரும் இடமே திறக்கும் இடம்.

பாயிண்டின் மீது பழி போடுவதற்கு முன் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். பாயிண்ட் முகம் கருகிக் குழி விழுந்து, ஓடும்போது நீலப் பொறி பறந்தால், அந்தப் பொறியைத் தணிக்க வேண்டிய கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும். நிற்கும்போது சரியாக இருந்து வேகத்தில் மட்டும் தடுமாறினால் பாயிண்ட் தட்டுக்குக் கீழே, வேகத்துக்கேற்ப டைமிங்கை மாற்றும் அமைப்பில் இருக்கும் அட்வான்ஸ் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். என் வண்டியில் ஒரு ஸ்பிரிங் கொக்கி விட்டுப் போயிருந்தது. அதைக் காணும் முன் ஒரு மாதம் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எலக்ட்ரானிக் கிட்டில் இந்தத் தடயம் எதுவும் கிடையாது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும்போது, எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட ஏறாத இடத்தில் என்னுடையது நின்றது. பேட்டரி பலவீனமாக இருந்ததால் முதலில் உதைக்கும்போது திருப்பி அடித்தது, பிறகு பொறியே இல்லை. குறைந்த மின்னழுத்தத்தில் கிட் தடுமாறியதா, சென்சர் செத்ததா, வயர் அறுந்ததா, பார்த்து அறிய எனக்கு வழியில்லை. பெட்டி ரெசினில் முழுக்க அடைக்கப்பட்டிருந்தது. வண்டி கீழே வந்தது ஒரு சரக்கு வேனில். அதே நிலைமை பாயிண்டில் வந்திருந்தால் எமரித் தாளால் தேய்த்து இடைவெளியை ஒக்கிட்டுக் கிளம்பியிருப்பேன். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

நியாயமாகச் சொன்னால், நான் பயன்படுத்தியது ஒரே ஒரு கிட். அதுவும் சார்ஜிங் சரியில்லாத வண்டியில். புதிய பேட்டரியும் நல்ல ஆல்டர்னேட்டரும் வைத்து, தினமும் நகருக்குள் ஓட்டுபவருக்குக் கிட் நன்றாகவே ஒத்துவரும் என்று நினைக்கிறேன். அவர் என்னைக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பழைய பாயிண்ட் தட்டையும் கண்டென்சரையும் தூக்கி எறிந்துவிடாமல் கருவிப்பெட்டியில் போட்டுவைக்க மட்டும் சொல்வேன். எனக்கு அன்று மலையில் அவை இல்லை.