ஆந்திரா பொன்னிக்கு மூன்று வைத்தியம்

நகரிப் பக்கம் நெல் வாங்க வரும் தரகர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதித் தள்ளிவிட்டு, மிஞ்சிய அரிசியை வெயிலில் காட்டிப் பார்ப்பார். சன்னமாக இருந்தால் ஒரு விலை; கொஞ்சம் பருத்திருந்தாலும் விலை இறங்கிவிடும். பிபிடி 5204 என்கிற சம்பா மசூரியை, அதாவது தமிழ்நாட்டில் ஆந்திரா பொன்னி என்று கேட்டு வாங்கும் நெல்லை, பெயர் சொல்லாமலே அவர் கை அறியும்.

பாபட்லாவில் உருவாகி 1986-இல் வெளிவந்த ரகம் இது. சோற்றுக்கு ஈடில்லை, கழனியில்தான் தொல்லை. வயது 145 முதல் 150 நாள். பாக்டீரியா இலைக்கருகல் வந்தால் தாங்காது. இந்தக் குறைகளைத் தீர்க்க மூலக்கூறு உயிரியல் மூன்று வழிகளை வைத்திருக்கிறது: மார்க்கர் வழித் தேர்வு, மரபணு மாற்றம், மரபணுத் திருத்தம். என் அளவுகோல் ஒன்றுதான். நோய் போகட்டும், நாள் குறையட்டும். தரகர் கையில் அரிசி மாறக் கூடாது.

இலைக்கருகலை அடையாளம் காண ஆய்வகம் வேண்டாம். நுனியிலிருந்து ஓரமாக மஞ்சளோடி வரும் இலையை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் அமிழும்படி நிறுத்தினால் சிறிது நேரத்தில் பால் போன்ற இழை இறங்கும். அத்தனையும் பாக்டீரியா. எங்கள் பக்கத்துத் தமிழில் பயிர் நோய் எதுவானாலும் ‘தெகுலு’தான், ஆனால் பூஞ்சைத் தெகுலுக்கு அடிக்கும் மருந்து இதற்குப் பலிக்காது. ஆகவே எதிர்ப்பு விதையிலேயே இருந்தாக வேண்டும்.

ஐதராபாத்தில் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் சி.சி.எம்.பி. என்கிற மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமும் சேர்ந்து செய்தது அதைத்தான். Xa21, xa13, xa5 என்ற மூன்று எதிர்ப்பு மரபணுக்களை வேறொரு நெல்லிலிருந்து சம்பா மசூரிக்குள் கொண்டுவந்தார்கள். Xa21-இன் பூர்வீகம் ஆப்பிரிக்கக் காட்டு நெல். ஒன்று போதாதா என்று கேட்கலாம். ஒரு பூட்டைப் பாக்டீரியா காலப்போக்கில் திறந்துவிடும். மூன்றையும் ஒருசேரத் திறப்பது கடினம். ஆனால் Xa21 மட்டுமே இருந்தாலும் செடி நோயைத் தாங்கி நிற்கும் என்பதால், மற்ற இரண்டும் உள்ளே இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இங்கேதான் மார்க்கர், அதாவது மரபணு உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் டி.என்.ஏ. அடையாளம், கைகொடுக்கிறது. நாற்றாக இருக்கும்போதே இலைத் துணுக்கில் டி.என்.ஏ. எடுத்து, மூன்றும் உள்ள நாற்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடலாம். தேர்ந்ததை மறுபடி சம்பா மசூரியோடு சேர்க்க வேண்டும். இப்படி நான்கு பின்கலப்பு முடிந்தால் சராசரியாக 32-இல் 31 பங்கு பழைய சம்பா மசூரியே. 2008-இல் வெளிவந்த மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி இதுதான். அரிசி அதே சன்னம். அறுத்த நெல்லிலேயே அடுத்த போகத்துக்கு விதை எடுக்கலாம்.

குறை என்றால் காலம். பின்கலப்புக்கே வருடங்கள் ஓடிவிடும். வேண்டிய மரபணுவை ஒட்டியிருக்கும் வேண்டாததும் கூடவே தொற்றிக்கொண்டு வரும். இன்னொரு குறை விஞ்ஞானத்தைச் சேர்ந்ததல்ல. வெளிவந்து பல வருடம் கழித்து நான் கேட்டபோது விதைக் கடைக்காரர், “அதெல்லாம் யார் கேட்கிறார்கள் அண்ணா, பழைய பிபிடியே வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். கடை வரைக்கும் வராத விதைக்கு எத்தனை பூட்டு இருந்து என்ன?

மரபணு மாற்றத்தைப் பற்றி நெல்லை வைத்துப் பேச வழியில்லை. இந்தியாவில் அப்படிப்பட்ட நெல்லுக்குச் சாகுபடி அனுமதி இல்லை. பருத்தியில் 2002 முதல் இருக்கிறது. மண் பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் வைத்தார்கள், காய்ப்புழு அடங்கியது, பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு தேறிக்கொண்டது. பெரும்பாலும் ஒட்டு விதையாகவே விற்றதால் வருடா வருடம் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. எந்த உயிரிலிருந்தும் எதையும் எடுக்கலாம் என்பது இதன் பலம். எங்கள் நெல்லுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை இப்போது இல்லை. சொந்தத்திலேயே மருந்து கிடைக்கிறது.

மூன்றாவது, மரபணுத் திருத்தம். டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் என்ற கத்தரிதான் இதன் கருவி. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த கமலா என்ற நெல் ரகம், சம்பா மசூரியையே திருத்தி எடுத்தது. கதிரில் மணி கூடத் தூண்டும் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சிதைக்கும் நொதி ஒன்று நெல்லில் இருக்கிறது. அதன் மரபணுவை வெட்டி முடக்கினால் மணி கூடும். வெட்டுவதற்காக உள்ளே விட்ட அந்நிய மரபணுவை அடுத்த தலைமுறையில் கழித்துவிடலாம்; அது இல்லாத பிள்ளைகளைப் பொறுக்கவும் டி.என்.ஏ. சோதனைதான். அந்நியச் சரக்கு மிஞ்சாத இவ்வகைத் திருத்தங்களுக்கு 2022-இல் கட்டுப்பாடு தளர்ந்தது. ஹெக்டேருக்கு 4.5 டன் விளைந்த இடத்தில் 5.37 டன், வயது 20 நாள் குறைவு என்பது அரசுக் கணக்கு. சோதனைத் தரவு போதாது என்ற விமர்சனமும் எழுந்தது. விளைச்சலைக் களத்தில் பார்த்துக்கொள்வோம். என்னை இழுப்பது அந்த 20 நாள். ஏரித் தண்ணீரையும் போர் மின்சாரத்தையும் நம்பிச் சம்பா போகத்துக்குப் பின் நவரை வைக்கிறவனுக்கு அது கடைசி இரண்டு மூன்று தண்ணீர்.

ஆனால் கத்தரியால் இருப்பதைத்தான் திருத்த முடியும். xa13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியா தனக்குச் சர்க்கரை கசிய வேண்டிச் செடியின் ஒரு கதவைத் திறக்கிறது. அந்தக் கதவின் சாவித்துவாரம் மாறிப்போனதுதான் xa13. அதைக் கத்தரி கொண்டே செய்யலாம். வெளிநாட்டு ஆய்வகங்கள் வேறு நெற்களில் செய்தும் காட்டின. சம்பா மசூரியிடம் இல்லாத Xa21-ஐ அப்படி வெட்டி வரவழைக்க முடியாது. அதற்குக் காட்டு நெல்லின் வாரிசோடு கலந்தே ஆக வேண்டும். கமலாவில் கருகலுக்குக் காவல் சேர்க்கப்படவில்லை. கருகல் அடிக்கும் மேட்டுக் கழனியில் அதை முழுதாக நம்ப மாட்டேன்.

இந்தச் சம்பா போகத்துக்கு என் நாற்றங்காலில் இருப்பது மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரிதான். கமலாவின் சான்று விதை கைக்கு வந்தால் மதகை ஒட்டிய அரை ஏக்கரில் மட்டும் வைப்பேன். அறுத்ததும் பெயர் சொல்லாமல் தரகரிடம் ஒரு பிடி நீட்டுவேன்.