வோல்வோ 240 டர்போ: கே-ஜெட்ரானிக்கைச் சரிசெய்வதா, கார்புரேட்டர் மாட்டுவதா?

இங்கிலாந்தில் பழைய வோல்வோ 240 டர்போ வைத்திருக்கும் எவருக்கும் ஒருநாள் இந்த யோசனை வந்து சேரும்: "அந்த இன்ஜெக்ஷனைக் கழற்றிப் போட்டுட்டு ரெண்டு வெபர் மாட்டுங்க, தொல்லை விட்டது." எனக்கும் சொன்னார்கள். வெபர் என்பது ஒரு கார்புரேட்டர், அந்த இன்ஜெக்ஷன் என்பது என்ஜினுக்குப் பெட்ரோலைப் பீச்சும் கே-ஜெட்ரானிக். சூடான என்ஜினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திருகினால் கிளம்பாது என்பதுதான் என் வண்டியின் நோய். கார்புரேட்டர் விலையெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் இன்ஜெக்ஷனையே சரிசெய்து வைத்துக்கொண்டேன். ஆகவே நான் எந்தப் பக்கம் பேசப்போகிறேன் என்பதில் ரகசியம் இல்லை.

முதலில் வண்டி. 2127 சிசி, பி21இடி என்ஜின், காரெட் டி3 டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் விசிறி), 155 குதிரைத்திறன். கம்ப்ரஷன் விகிதம் 7.5:1 மட்டுமே. பெட்ரோலைப் பார்த்துக்கொள்வது பாஷ் கம்பெனியின் கே-ஜெட்ரானிக். இதில் பெட்ரோலை அளக்கக் கம்ப்யூட்டர் கிடையாது. உள்ளே போகும் காற்று ஒரு வட்டத் தட்டைத் தூக்கும். தட்டு எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு பெட்ரோல் அதைப் பீச்சும் நான்கு இன்ஜெக்டர்களுக்கும் போகும். பம்பை ஓடவிட்டுத் தட்டை விரலால் லேசாகத் தூக்கிப் பாருங்கள், நான்கு இன்ஜெக்டரும் கீச்சென்று பாடும். ஆனால் உடனே விட்டுவிடுங்கள், சிலிண்டரில் பெட்ரோல் நிரம்பிவிடும்.

கார்புரேட்டரின் நல்ல குணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. சாலையோரத்திலேயே பிரித்துப் பார்க்கலாம், ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளைத் திருகு) எங்கும் கிடைக்கும், இரட்டை வெபரின் சத்தத்துக்கு ஈடு இல்லை. டர்போ இல்லாத 240 என்றால் நானே மாற்றிக்கொள்ளுங்கள் என்பேன். எண்பதுகளின் முற்பாதி வண்டிகளுக்குப் புகைச் சோதனையும் இடைஞ்சல் இல்லை. எம்ஓடி என்னும் வருடாந்தரச் சோதனையில் 4.5 சதவீதம் கார்பன் மோனாக்சைடு வரை விடுகிறார்கள். ஒழுங்காக ட்யூன் செய்த கார்புரேட்டர் அதில் தேறிவிடும்.

சிக்கல் டர்போவில்தான். கார்புரேட்டரை டர்போவுக்கு முன்னால் வைக்கலாம், அல்லது பின்னால் வைக்கலாம். முன்னால் வைத்தால் பெட்ரோல் கலந்த காற்றை டர்போ உறிஞ்சும். 1978-இல் அமெரிக்கக் கம்பெனி ப்யூக் தன் வி6 டர்போவில் செய்தது இதைத்தான். த்ராட்டிலை (காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டை) மூடும்போது டர்போவின் உள்ளேயும் உறிஞ்சல் ஏற்பட்டு ஆயிலை இழுக்கும் என்பதால் அதற்கேற்ற சீல் வேண்டும். குளிரில் பெட்ரோல் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். இன்டர்கூலர் (டர்போ சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) போட்டால் அது முழுக்கப் பெட்ரோல் ஆவி நிற்கும், தீ பின்னோக்கித் திரும்பும் ஒரு பேக்ஃபயர் போதும். ப்யூக் 1984-இல் இன்ஜெக்ஷனுக்குப் போனது, 1986-இல் இன்டர்கூலரும் வந்தது. இந்த வகை வண்டியை நான் ஓட்டியதில்லை, அதனால் ஓட்ட எப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

பின்னால் வைப்பதுதான் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது. லோட்டஸ் எஸ்ப்ரி டர்போ 1980-இல் இரண்டு டெல்'ஓர்ட்டோ கார்புரேட்டரை இப்படி வைத்து 210 குதிரைத்திறன் எடுத்தது. மாஸெராட்டி பைடர்போ, ரெனோ 5 ஜிடி டர்போ, எம்ஜி மெட்ரோ டர்போ எல்லாம் இதே வழிதான். அப்படியானால் நடக்கும் காரியம்தானே? நடக்கும். கம்பெனிகள் அதற்காக எதையெல்லாம் மாற்றின என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சாதாரண கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பருக்கு (பெட்ரோல் நிற்கும் சிறு தொட்டிக்கு) பெட்ரோல் 0.2 பார் அளவில் வந்தால் போதும். இப்போது டர்போ 0.7 பார் பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அழுத்தம் கார்புரேட்டரின் வாயில் வந்து உட்காரும். ஃப்ளோட் சேம்பர் வெளிக்காற்றோடு இருந்தால் ஜெட்டிலிருந்து பெட்ரோல் எழும்பவே எழும்பாது. ஆகவே சேம்பரையும் மூடி அதே பூஸ்டைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால், 0.2 பாரில் வரும் பெட்ரோல் 0.7 பாரை எதிர்த்து உள்ளே நுழைய முடியாது. எனவே பம்ப் 0.9 பார் தர வேண்டும். ஆனால் பூஸ்ட் இல்லாத நேரத்தில் 0.2-க்கு இறங்கிவிடவும் வேண்டும், இல்லையென்றால் ஃப்ளோட் ஊசியைத் தள்ளிக்கொண்டு வழிந்துவிடும். பூஸ்ட் ஏற ஏற பெட்ரோல் அழுத்தமும் கூடவே ஏற வேண்டும். இதைச் செய்வது ஒரு ரெகுலேட்டர். அதற்குப் பூஸ்ட் செய்தி கொண்டுபோவது பென்சில் தடிமன் கூட இல்லாத ஒரு ரப்பர் குழாய்.

அந்தக் குழாய் கழன்றால் என்ன ஆகும்? ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றுமே தெரியாது. மோட்டார்வேயில் முந்துவதற்காக மிதிப்பீர்கள், பூஸ்ட் ஏறும், சேம்பர் காலியாகும், கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் போதாது. கரும்புகை வராது. வண்டி சில நொடி நன்றாகத்தான் இழுக்கும். அப்புறம் நாக்கிங் (கலவை நேரங்கெட்டு வெடிப்பது), அப்புறம் பிஸ்டன் தலையில் ஓட்டை.

கே-ஜெட்டில் காற்றளக்கும் தட்டு டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. டர்போ எவ்வளவு காற்றை இழுத்தாலும் அது தட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். பூஸ்ட் எவ்வளவு என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பூஸ்டில் டர்போவுக்குப் பின்னால் ஒரு குழாய் பிளந்தால், அளந்த காற்று வெளியே போகும், அளந்த பெட்ரோல் மட்டும் உள்ளே வரும். கலவை ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். வண்டி கறுப்பாகப் புகைத்து முக்கும், நீங்கள் காலை எடுத்துவிடுவீர்கள், என்ஜின் பிழைத்துவிடும். தட்டுக்கும் டர்போவுக்கும் நடுவில் ரப்பர் வெடித்தால் லீன் ஆகும் என்பதும் உண்மை. ஆனால் அது ஐடிலிங்கிலேயே வண்டியை ஆட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். கோளாறு வரும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன். சத்தம், விலை, அழகு எல்லாம் எனக்கு இதற்குப் பிறகுதான்.

"பார்ட்ஸ் கிடைக்காதே?" என்பார்கள். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டர் விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கே-ஜெட் செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்பவர்களில் எத்தனை பேர் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்திருக்கிறார்கள்? சிஸ்டம் பிரஷர் ஐந்து பார் பக்கத்தில், சூடானபின் கண்ட்ரோல் பிரஷர் (கலவையைத் தீர்மானிக்கும் அழுத்தம்) மூன்றரை பார் பக்கத்தில் இருக்கிறதா, நிறுத்தியபின் அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்தால் பாதி நோய் தெரிந்துவிடும். என் வண்டியில் நிறுத்தியதும் அழுத்தம் சரசரவென்று விழுந்தது, சூட்டில் குழாயில் பெட்ரோல் ஆவியாகியிருக்கிறது. நிறுத்தியபின் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் அக்யூமுலேட்டரையும் பம்பின் செக் வால்வையும் மாற்றினேன். டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடவே இல்லை.

கார்புரேட்டருக்கு மாறினால் கழற்றிய பாகங்கள் போக, புதிதாக மேனிஃபோல்டு, பம்ப், ரெகுலேட்டர், திரும்பும் குழாய், சீல் போட்ட த்ராட்டில் தண்டு, அழுத்தத்தில் நசுங்காத ஃப்ளோட், அப்புறம் டைனோவில் (என்ஜின் திறன் அளக்கும் கருவியில்) ஜெட் மாற்றி மாற்றிப் பார்க்கும் கூலி. அந்தக் காசில் மெகாஸ்கர்ட் போன்ற ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) போட்டு எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷனுக்கே போய்விடலாம். கே-ஜெட் உண்மையிலேயே தீர்ந்துவிட்டால் நான் போகப்போவது அங்கேதான்.

நேர்கோட்டில் பாயும் டிராக் (drag) பந்தய வண்டி என்றால் கதை வேறு. மெதனால் ஊற்றி, மிதித்த கால் எடுக்காமல் ஓடும் வண்டிக்கு டர்போவுக்குப் பின்னால் வைத்த கார்புரேட்டர் நன்றாகவே வேலை செய்கிறது. இல்லை, தெருவண்டிக்கும் கார்புரேட்டர்தான் என்று பிடிவாதமாக இருந்தால் வெபரை விட்டுவிட்டு மெட்ரோ டர்போ மாதிரி ஒற்றை எஸ்யூ கார்புரேட்டர் பாருங்கள்; ஜெட் கூட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஒரு ஊசிதான். கூடவே கலவை லீனா ரிச்சா என்று காட்டும் அகலப்பட்டை லாம்டா மீட்டர் ஒன்றை டாஷ்போர்டில் கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள். கழற்றிய கே-ஜெட்டை விற்றுவிடாதீர்கள், வண்டியை வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.