மெடிக்கல் கோடிங் வகுப்புக்குப் பணம் கட்டுமுன் ரசாயனக் காயப் பாடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்

மெடிக்கல் கோடிங் என்பது நோயாளியின் சிகிச்சைப் பதிவை (சார்ட்) இன்சூரன்ஸ் கோரிக்கைக்கான (கிளெய்ம்) குறியீடுகளாக (கோடு) மாற்றும் வேலை. சென்னையில் ஒரு மெடிக்கல் கோடிங் பயிற்சி மையம் முழுக் கட்டணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டு மாணவர்களுக்குக் கொடுக்கும் தீக்காயக் குறிப்பு, ரசாயனக் காயம் என்று வந்ததும் அடியோடு தப்பாக இருக்கிறது. அதைப் படித்தவர்கள் வேலைக்கான தேர்வில் தரப்படும் மாதிரி சார்ட்டிலேயே விழுகிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால், "லைவ் சார்ட்ல இப்படித்தான் போடுவாங்க, சேர்ந்தா பழகிடும்" என்கிறார்களாம். லைவ் சார்ட்டில், அதாவது உண்மையான நோயாளியின் பதிவில், இப்படிப் போட்டால் ஆடிட்டில் எரர், கிளெய்மில் டினையல் (நிராகரிப்பு).

குறிப்பில் உள்ள கேள்வியையே எடுத்துக்கொள்வோம். காஸ்டிக் சோடா கலந்த, குழாய் அடைப்பு நீக்கும் டிரெய்ன் கிளீனர் தவறுதலாகத் தெறித்து வலது புறங்கையில் இரண்டாம் டிகிரி காயம் (டிகிரி என்பது காயத்தின் ஆழம்). உடல் பரப்பில் 1 சதவீதம். முதல் சிகிச்சை. மையம் தரும் விடை: டி23.261ஏ (T23.261A), டி31.0 (T31.0).

இரண்டுமே தப்பு. அமெரிக்காவின் நோய்க் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்மில் நெருப்பு, சூடான பொருள், மின்சாரம், கதிர்வீச்சு ஆகியவற்றால் வருவது பர்ன். ரசாயனத்தால் வருவது கரோஷன். டி20 முதல் டி25 வரை நான்காவது இடத்தில் 0 முதல் 3 வரை பர்ன், 4 முதல் 7 வரை கரோஷன். ஆகவே இரண்டாம் டிகிரி கரோஷனுக்கு அந்த இடத்தில் 6 வரவேண்டும்: டி23.661ஏ. பரப்பளவுக்கும் டி31 பர்னுக்கு மட்டும்தான். கரோஷனுக்கு டி32, இங்கே டி32.0. எல்லாவற்றுக்கும் முன்னால் எந்த ரசாயனம், எந்த நோக்கம் (தவறுதலா, வேண்டுமென்றா) என்று சொல்லும் கோடு வேண்டும்: டி54.3எக்ஸ்1ஏ (T54.3X1A). "முதலில் இதைக் கோடு செய்" என்ற கட்டளை டேபுலர் லிஸ்ட்டில் (கோடுகளின் எண்வரிசைப் பட்டியல்) டி23.6-க்குக் கீழேயே இருக்கிறது. புத்தகத்தைத் திறக்காமல் பழைய பிடிஎஃப்பை வைத்துப் பாடம் நடத்தினால்தான் அது கண்ணில் படாது.

நோக்கம் எழுதப்படாத சார்ட்டுக்கு ரசாயன அட்டவணையில் "தீர்மானிக்க முடியாதது" என்ற நிரலை எடுக்கச் சொல்கிறது குறிப்பு. கூடாது. சார்ட்டில் நோக்கம் சொல்லப்படவில்லை என்றால் விபத்து என்றே கோடு செய்யவேண்டும். தீர்மானிக்க முடியவில்லை என்று மருத்துவர் எழுதியிருந்தால் மட்டுமே மற்றது. கோடின் ஏழாவது இடத்தைப் பற்றியும் "முதல் முறை வந்தால் ஏ (A), அடுத்த முறை டி (D)" என்று போட்டிருக்கிறார்கள். ஏ என்பது தீவிர சிகிச்சை நடக்கும் காலம் முழுவதற்கும். பத்து நாள் கழித்துத் தோல் ஒட்டுச் சிகிச்சை செய்தாலும் ஏதான். புண் ஆறும் கட்டத்து வழக்கமான கவனிப்புக்குத்தான் டி (D).

கோடிங் தப்பினால் பணம் போகும். சிகிச்சை பற்றி எழுதியிருப்பதோ ஆளையே காயப்படுத்தும்: "காரம் பட்டால் வினிகர் ஊற்ற வேண்டும்." வீட்டில் யாரும் இதைச் செய்யாதீர்கள். வினிகர் போன்ற அமிலமும், காஸ்டிக் சோடா போன்ற காரமும் (ஆல்கலி) சேரும்போது வெப்பம் கிளம்பும். வினிகரைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ரசாயனம் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். துணி, மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் கழுவுவதுதான் முதலுதவி. அமிலமானால் குறைந்தது அரைமணி நேரம். காரத்துக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். சுட்ட சுண்ணாம்புத் தூளை மட்டும் முதலில் தட்டித் துடைத்துவிட வேண்டும், தண்ணீர் பட்டால் கொதிக்கும். கண்ணில் பட்டால் உடனே கழுவத் தொடங்கி, கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

கோடருக்கு இது ஏன் தெரிந்திருக்க வேண்டும்? அமிலம் பெரும்பாலும் புரதத்தை உறையவைத்துத் தனக்கே ஒரு தடை போட்டுக்கொள்ளும். காரம் கொழுப்பையும் புரதத்தையும் கரைத்து ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் முதல் நாள் இரண்டாம் டிகிரி என்று எழுதப்பட்டது சில நாளில் மூன்றாகலாம். அந்தந்த வருகையில் மருத்துவர் எழுதியதைத்தான் எடுக்கவேண்டும். ஆழம் தெளிவாக எழுதப்படாவிட்டால் டிகிரியை நாமாக ஊகிக்காமல் மருத்துவரிடம் விளக்கம் கேட்டுக் குவரி அனுப்பவேண்டும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இன்னொரு கண்ணி. சிறு காயம்கூட ரத்தத்தில் கால்சியத்தைக் குறைத்துவிடலாம். கால்சியம் குளுகோனேட் ஜெல் தடவுவது அந்த அமிலத்தின் ஃப்ளூரைடைக் காயத்திலேயே பிடித்துக் கட்டத்தான். ஆனால் ஆய்வக எண்ணை மட்டும் பார்த்து, கால்சியக் குறைவுக்கான ஈ83.51 (E83.51) கோடைச் சேர்க்க முடியாது. கால்சியக் குறைவு என்று மருத்துவர் எழுதியிருக்க வேண்டும்.

டெமோ வகுப்பில் மேலே உள்ள கேள்வியைக் கேளுங்கள். டி54.3எக்ஸ்1ஏ, டி23.661ஏ, டி32.0 என்று இந்த வரிசையில் விடை வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எந்த ஆண்டின் கோடு புத்தகம் என்றும் கேளுங்கள். அக்டோபர் 1-ஆம் தேதிதோறும் புதிய பதிப்பு நடைமுறைக்கு வருகிறது. "வேலை உறுதி" என்பதையும், பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனையையும் ரசீதோடு எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் ரசீது, விளம்பரம், அந்தக் குறிப்பு மூன்றையும் பத்திரப்படுத்திக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம்.