வாடகைக் கவசம்: ரோமன் செட் எடுக்கலாம், கோலியாத் செட் வேண்டாம்

பெரிய வெள்ளிக்கு இயேசுவின் பாடுகளின் நாடகமோ, மே மாதம் பிள்ளைகளின் விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்) நிறைவு நாளுக்கு தாவீது கோலியாத்தோ போடப்போகிற சபைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நாகர்கோவில் வடசேரிப் பக்கம் உள்ள ஒரு நாடக உடை வாடகைக் கடையில் இந்த வருஷம் எங்கள் வாலிபர் சங்கம் இரண்டுக்குமே கவசம் எடுத்தது. அட்வான்ஸ் விஷயத்தில் ஒரு மனத்தாங்கல் இருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. அந்தப் பக்கம் போய் யாரிடம் கேட்டாலும் கை காட்டுவார்கள்.

முதலில் ரோமன் செட். நம்பி எடுக்கலாம். துணியில் வெள்ளி பெயின்ட் அடித்து ஏமாற்றுகிற சமாச்சாரம் இல்லை, மெல்லிய தகரத்தைப் பட்டை பட்டையாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும்படி ரிவிட் அடித்திருக்கிறார்கள். அசல் ரோமத் தகட்டுக் கவசமும் இதே ஏற்பாடுதான், ஆனால் அங்கே இரும்புப் பட்டைகளை உள்பக்கம் தோல் வாரில் கோத்திருப்பார்கள், வீரன் குனிந்தால் பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று நழுவி இடம் கொடுக்கும். இங்கே ரிவிட்டை இறுக்கி அடித்துவிட்டார்கள், குனியவே முடியாது. சிலுவையடியில் உட்கார்ந்து இயேசுவின் அங்கிக்குச் சீட்டுப் போடுகிற காட்சியில் எங்கள் சேவகர்கள் நான்கு பேரும் முழங்கால் போட்டு விறைப்பாக நின்றார்கள், பின்வரிசையில் இருந்தவர்கள் ஏதோ ஜெபம் நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

ஆனால் அக்குள் பக்கம் பாருங்கள். தகரத்தின் ஓரத்தை மடித்து அடித்து, அதன்மேல் சைக்கிள் டியூபைக் கீறி ஒட்டியிருக்கிறார்கள். கையைத் தூக்கினால் கீறாது. செய்த ஆள் ஒருதடவையாவது தானே போட்டுப் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த யோசனை வராது. விலாப்பக்கம்தான் குறை, கயிற்றை எவ்வளவு இறுக்கினாலும் நாலு விரல் சந்து தெரிகிறது, உள்ளே போட்டிருக்கும் டி-ஷர்ட்டும் சேர்ந்து தெரிகிறது. வேதாகமத்தில் இஸ்ரவேலின் ஆகாப் ராஜாவுக்கு அம்பு பட்டது இப்படிப்பட்ட சந்தில்தான். சிவப்பு பனியன் போட்டுப் போங்கள், தீர்ந்தது.

தலைச்சீரா, அதாவது தலைக்கவசம், ஃபைபர். மேலே நிற்கிற சிவப்புக் கொண்டை நம்ம ஊர்த் தேங்காய்த் தும்புதான், சாயம் முக்கியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் வேர்த்தாலோ, ஏப்ரலில் சாயங்காலம் வருகிற கோடை மழை நாலு துளி விழுந்தாலோ சாயம் கழுத்துக்கு இறங்கும், வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஜாக்கிரதை. இன்னொன்று, எல்லாத் தலைச்சீராவிலும் கொண்டை நெற்றியிலிருந்து பிடரிக்குப் போகிறது. நூற்றுக்கு அதிபதிக்கு, அதாவது ரோமப் படைப்பிரிவின் தலைவனுக்கு, அது குறுக்கே, காதிலிருந்து காதுக்கு நிற்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் கலவரத்தில்கூட வீரர்களுக்குத் தங்கள் அதிபதி எங்கே நிற்கிறான் என்று தெரியும். கொண்டையை ஒரே ஒரு ஸ்க்ரூதான் பிடித்திருக்கிறது, கழற்றித் திருப்பி மாட்டிவிட்டோம். கடைக்காரரும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

கண்டிப்பாகப் பார்த்தால் யூதேயாவில் அப்போது காவல் இருந்தது பெரும்பாலும் துணைப்படை ஆட்கள், அவர்கள் போட்டது இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த கவசம், இந்தப் பட்டைத் தகடு அல்ல. சரி, அதை யார் கோத்துத் தருவார்கள்? பட்டைத் தகடும் சிவப்புக் கொண்டையும் இல்லாமல் வந்தால் ஜனங்கள் ரோமன் என்று ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

கேடகம் அருமை. நீள்சதுரம், நன்றாக வளைந்திருக்கிறது, நடுவில் குமிழுக்கு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து முடுக்கியிருக்கிறார்கள், கைப்பிடியும் சரியாகக் குமிழுக்குப் பின்னால். அசலில் மெல்லிய மரப்பட்டைகளை அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒட்டி மேலே தோல் போர்த்துவார்கள், இது ஃபைபர் என்பதால் எடை இல்லை, சின்னப் பையன்களும் தூக்கலாம். பாதரட்சை என்று கொடுப்பதை மட்டும் வாங்க வேண்டாம், ரப்பர் செருப்புக்குக் காப்பிக்கலர் அடித்தது. வீட்டிலிருந்து தோல் செருப்பு கொண்டுபோங்கள்.

ஞாயிறு பள்ளிக்காரர்கள் அடிக்கடி எடுப்பது வேதாகமத்தில் எபேசியர் ஆறாம் அதிகாரத்து சர்வாயுதவர்க்கம், அதாவது விசுவாசிக்குச் சொன்ன முழுப் போர்க்கவசம், பிள்ளைகள் அளவுக்கு பிளாஸ்டிக்கில். ஒவ்வொன்றின் மேலும் ஸ்டிக்கர் எழுத்து. எங்களுக்கு வந்த செட்டில் தலைச்சீராவில் ‘சத்தியம்’ என்றும் இடுப்புக் கச்சையில் ‘இரட்சணியம்’ என்றும் இருந்தது, ஒரு குட்டிப் பெண்தான் கண்டுபிடித்தாள். வாங்கும்போதே வேதாகமத்தைத் திறந்து வைத்துச் சரிபாருங்கள். அப்புறம் இந்தப் பிளாஸ்டிக் மார்க்கவசத்துக்கு முதுகு கிடையாது. முதுகுக்குக் கவசம் சொல்லப்படவில்லை, ஆகவே புறமுதுகு காட்டாதே என்று வருஷாவருஷம் கேட்கிற பிரசங்கத்துக்கு இது வசதி. நிஜ ரோமக் கவசம் முதுகையும் சேர்த்தே மூடும், கடையில் இருக்கிற பெரியவர்கள் செட்டும் அப்படித்தான், அதைப் போட்டுக்கொண்டு அந்தப் பிரசங்கம் பண்ணினால் முன்வரிசைப் பையன்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

இனி கோலியாத் செட். இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். வாடகை ரோமன் செட்டைவிட 200 ரூபாய் அதிகம், கொடுத்தது அதே ரோமன் செட், தங்கக்கலர் ஸ்ப்ரே அடித்தது. “இது ரோமன்லா அண்ணாச்சி?” என்றேன். “கவசம்னா கவசம்தான் மக்களே, மேடைல லைட்டு அடிச்சா யாருக்குத் தெரியப்போவுது?” என்றார். இரண்டுக்கும் நடுவில் ஆயிரம் வருஷம் இருக்கிறது! கோலியாத் போட்டது வெண்கலம். சின்னச் சின்னச் செதில்களை ஓட்டு வீட்டில் ஓடு அடுக்குகிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகத் தைத்த கவசம். எடை ஐயாயிரம் சேக்கல் (அந்தக் காலத்து எடை அளவு), ஒரு சேக்கலுக்குப் பதினொன்றரை கிராம் என்று வைத்தால் 57 கிலோ பக்கம் வரும். ஈட்டி முனை மட்டும் அறுநூறு சேக்கல் இரும்பு, கிட்டத்தட்ட 7 கிலோ. கால்களுக்கும் வெண்கலக் கவசம் உண்டு என்று சாமுவேல் புஸ்தகத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, கடையில் அது கிடையாது. முன்னால் பரிசை (கேடகம்) பிடித்துக்கொண்டு நடக்கிற ஆளுக்கும் ஒன்றும் கிடையாது. எங்கள் பையன்கள் மெல்லிய ஃபோம் ஷீட்டைச் செதில் செதிலாக வெட்டி, பழைய சாக்கில் கீழ்வரிசையிலிருந்து மேலே ஒட்டிக்கொண்டு வந்து, தாமிர நிறப் பெயின்ட் அடித்தார்கள். செலவு அந்த 200 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. பார்க்கவும் கொள்ளாம்.

தங்கக்கலர் செட்டும் வீணாகவில்லை, சவுல் ராஜாவுக்கு மாற்றிவிட்டோம். கடையில் ஒரே அளவுதான் என்பது மற்றபடி பெரிய தொந்தரவு, ஆனால் சவுல் தன் கவசத்தைத் தாவீதுக்கு மாட்டிவிடுகிற காட்சிக்கு அதுதான் வேண்டும். ஆறாம் வகுப்புப் பையன் உள்ளே போனதும் கவசம் முழங்காலைத் தொட்டது, தலைச்சீரா மூக்குவரை இறங்கியது, “இந்த அப்பியாசம் (பழக்கம்) எனக்கு இல்லை” என்று அவன் உள்ளேயிருந்து பேசியது மைக்கில் டப்பாவுக்குள்ளிருந்து வந்த சத்தமாகக் கேட்டது. அன்றைக்கு அதிகம் கைதட்டல் அதற்குத்தான். பெரியவர்களுக்கும் அந்த அப்பியாசம் வேண்டும், முதல் நாளே எடுத்து வீட்டில் கொஞ்ச நேரம் போட்டு நடந்து பாருங்கள்.

கோயில் கொடைக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் கர்ணன் செட்டும் இங்கே போகிறது. வேலைப்பாட்டில் கடையிலேயே அதுதான் முதல், நெஞ்சில் சூரியன் புடைத்து நிற்கும். ஆனால் உடம்போடு பிறந்த கவசத்தை அறுத்து இந்திரனுக்குக் கொடுக்கிற இடத்தில் ஒட்டுப்பட்டை ‘பர்ர்’ என்று கிழிகிற சத்தம் ஸ்பீக்கர் முழுக்கக் கேட்கும். அந்த நேரத்துக்கு மேளக்காரரிடம் சொல்லி வையுங்கள்.

அட்வான்ஸ் விஷயம்: செட்டுக்கு ஆயிரம் வாங்குகிறார்கள். திருப்பிக் கொடுக்கும்போது தோள் தகட்டில் நெளிவு என்று 300 பிடித்துக்கொண்டார்கள், அந்த நெளிவு நாங்கள் வாங்கும்போதே இருந்தது. பேசிப் பார்த்தும் பலனில்லை. வாங்குகிற இடத்திலேயே முன்னும் பின்னும் போனில் படம் எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பெரிய வெள்ளி வாரத்தில் கடற்கரைக் கத்தோலிக்கப் பங்குகளிலிருந்து பாஸ்கா என்கிற பாடுகளின் நாடகத்துக்கும் எடுக்க வருவதால் ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலம் தொடங்கும்போதே சொல்லிவைக்க வேண்டும். ஈஸ்டர் திங்கள் காலை பத்து மணிக்குள் திருப்பிவிட வேண்டும், தாண்டினால் இன்னொரு நாள் வாடகை.